தெரியாது என்று ஒப்புக்கொண்ட நீதிபதி!

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள். இரண்டு வீட்டிலும் கடும் எதிர்ப்பு. கிளம்பி சென்னைக்கு வந்துவிட்டார்கள். 'மகளைக் காணவில்லை' என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுக்க, பாதுகாப்பு கேட்டு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள் அந்தப் பெண்கள்.

வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்தது. அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. முதலில் பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அடுத்து அவர் செய்ததுதான் ஆச்சர்யம். தன்பாலீர்ப்பு பற்றித் தனக்கே முழுமையான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தானும் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

இது நோயா?

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973-லேயே தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 1990-ல் உலக சுகாதார நிறுவனமும் நீக்கியது.

பரம்பரையா, வளர்ப்பா?

ஏறக்குறைய 5 லட்சம் பேரின் மரபணு விவரங்களை அலசிய பெரிய ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. இதைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்களும் வேறு காரணங்களும் சேர்ந்தே பங்கு வகிக்கின்றன என்றது அது. 'எங்க வளர்ப்புலதான் தப்பு' என்று பெற்றோர் நொந்துகொள்ள அறிவியலில் ஆதாரம் இல்லை.

உத்தரவு என்ன?

நோயே இல்லாதபோது வைத்தியம் எதற்கு? 2021 ஜூன் 7 அன்று வெளியான உத்தரவில், பாலீர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்கு நீதிபதி தடை விதித்தார். காணாமல்போனதாகத் தேடப்படுபவர்கள் வயதுவந்தவர்கள், விரும்பியே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார். அப்படிச் சிகிச்சை தருவது மருத்துவருக்குரிய ஒழுக்கத்தை மீறும் செயல் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசும் அதே ஆண்டு அரசிதழில் வெளியிட்டது.

விவாதம் இன்னும் ஓயவில்லை. தன்பாலினத்தவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்று 2018-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், அவர்களின் திருமணத்துக்கு அங்கீகாரம் தர 2023-ல் மறுத்துவிட்டது. கலாசாரம், மதம், குடும்பம் என்று வாதங்கள் தொடர்கின்றன.

கோர்ட் எதைச் சொன்னாலும், பிள்ளை திரும்பிப் பார்ப்பது அம்மா, அப்பா முகத்தைத்தான். பிள்ளை மனம் திறக்கும்போது கை ஓங்காமல், அவசர அவசரமாக வரன் தேடாமல், அந்த நீதிபதி செய்ததைப் பெற்றோரும் செய்யலாம். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்கலாம்!