‘இது பறக்குமா சார்?’

ஓய்வு பெற்ற போர் விமானத்தின் பக்கத்தில் பெயிண்ட் டப்பாவோடு நின்று பாருங்கள். வருகிறவர், போகிறவர் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி: “எடைக்குப் போட்டா எவ்வளவு சார் தேறும்?”

முதல் கேள்விக்கு, “பறக்காதுங்க, இன்ஜினைக் கழற்றிட்டாங்க” என்பேன். இரண்டாவதற்குப் பதில் சொல்வதில்லை. காது கேட்காதவன் மாதிரி தேய்த்துக்கொண்டிருப்பேன்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன். இன்ஜின், ரேடார், பீரங்கி எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. விமானத்தின் உடம்பு மட்டும் என் டிபார்ட்மென்ட். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் வடக்கே பல ஊர்கள். மிக்-21 விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்தே பாதி வயசு போய்விட்டது. “விமானம் சரியாக இருக்கிறது” என்று நான் போடும் கையெழுத்தை நம்பி, இருபத்தைந்து வயசுப் பையன் ஒருத்தன் ஏறி உட்காருவான். அந்தப் பயம் இன்னும் கனவில் வருகிறது.

ரிட்டயரான பிறகும் மிக் என்னை விடவில்லை.

கடலோரம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். பெயர் வேண்டாம். மிக்-21 நம் படைக்கு வந்தது 1963-ல். அதில் எஃப்.எல். என்ற ரகம் 2013 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதில் ஒன்றை மறு வருஷம் இந்தக் காலேஜ் வாங்கி வந்தது. இறக்கை தனி, உடம்பு இரண்டு துண்டு என்று லாரியில் வந்து இறங்கியதை, நானும் நாலு பேரும் சேர்த்துப் பூட்டி, பெயிண்ட் அடித்து, வாசலில் சிமென்ட் மேடையில் நிறுத்தினோம். பழைய விமானத்தைக் காலேஜில் வைப்பது வெட்டி பந்தா என்று சொல்பவர்கள் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்படி நின்ற இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில், மற்ற பையன்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் உட்கார்ந்திருந்த ஒரு ராமேஸ்வரத்துப் பையன்தான் பின்னால் ஜனாதிபதி ஆனார். ஆகவே பந்தா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் கடைசி மிக்-21கள் விடைபெற்றதை டி.வி.யில் காட்டினார்கள். மறு வாரமே காலேஜ் கரஸ்பாண்டென்ட்டிடமிருந்து போன்.

“சார், நம்ம ப்ளேன் ரொம்ப மங்கிப் போச்சு. ஆண்டு விழாவுக்குப் பெரிய மனுஷர் ஒருத்தர் வர்றார். பத்து நாள்ல பளபளன்னு ஆக்கிடுங்க. போன தடவை மாதிரியே!”

போன தடவையும் பத்து நாள்தான். சரி என்று பஸ் ஏறினேன்.

தூரத்தில் பார்க்க ஒன்றும் மோசமில்லை. கிட்டே போய், தேங்காய் வாங்குகிறவன் மாதிரி விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு ‘ணங்’ என்றது. வயிற்றுப் பக்கம் வந்ததும் ‘தொப், தொப்’ என்றது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத்தான் குத்தினேன். தண்ணீர் பீய்ச்சியடித்தது! சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் துருவும் சேறுமாக ஒரே அபிஷேகம். கூடவே கொசுப் புழு. வாட்ச்மேன் ஓடி வந்து, “பெட்ரோலா சார்?” என்றார்.

பெட்ரோல் இல்லை, பல வருஷத்து மழை. விமானத்தின் வயிற்றில் பென்சில் நுழைகிற அளவு சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். உள்ளே சேருகிற தண்ணீர் அது வழியாகத்தான் ஒழுகிப் போக வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் அத்தனை ஓட்டையையும் பட்டி வைத்து அடைத்து, அழகாக மழுக்கி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான்.

அந்தப் புண்ணியவான் 2014-ல் என்னோடு வந்த பெயிண்டர் தம்பி. வீட்டுச் சுவரில் ஓட்டை இருந்தால் அடைப்பதுதானே அவன் தொழில்? மேற்பார்வை பார்த்தவன் நான். விழா அவசரத்தில் குனிந்து பார்க்கவில்லை. முப்பது வருஷம் குனிந்தே பிழைத்தவன், அன்றைக்குக் குனியவில்லை!

பறக்கிற விமானத்தை தினமும் நாலு பேர் தொட்டுப் பார்ப்பார்கள், கழுவுவார்கள், எண்ணெய் போடுவார்கள். நிறுத்தி வைத்த விமானத்துக்கு யாருமில்லை, அதனால் சீக்கிரம் சாகிறது. கடல் காற்றென்றால் கேட்கவே வேண்டாம். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட், நடுவே உப்புத் தண்ணீர்... பேட்டரியே ரெடி! அந்தச் சண்டையில் கரைந்து போவது அலுமினியம்தான். சில இடங்களில் தகடு கொத்து பரோட்டாவுக்குப் பிய்த்த மாதிரி ஏடு ஏடாக உப்பியிருந்தது. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் பிணத்துக்குப் பவுடர் போட்ட கதைதான். அந்த இறக்கை நிழலில்தான் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்.

கரஸ்பாண்டென்ட்டிடம் சொன்னேன். “பத்து நாள்ல ஆகாது சார். ஐப்பசி மழை வேற. ஈரக் காத்துல பெயிண்ட் அடிச்சா வெளுத்துப் போயிடும். பொங்கல் வரைக்கும் டயம் வேணும்.”

“விழாவுக்கு?”

“தார்ப்பாய் போட்டு மூடிடலாம்.”

“வாசல்லயே மூடி வெச்சா எழவு வீடு மாதிரி இருக்குமே சார்!” என்றார். கையோடு கூட்டிப் போய் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அவர் தட்டியபோது ஒரு துண்டு உடைந்து அவர் ஷூ மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

வேலை ஆரம்பித்தது. மூக்கிலிருந்து மூன்று காக்கைக் கூடுகள் எடுத்தோம். ஒன்றில் ஹாஸ்டல் துணி ஹாங்கர் மட்டும் பதினொன்று! கண்ணாடி மூடி வெயிலில் மஞ்சள் பூத்துக் கிடந்தது. உள்ளே ஏறப் பார்த்த மாணவர்களைத் தடுத்து, பேப்பரைக் காட்டினேன். பைலட்டை வெளியே தூக்கி எறிகிற சீட்டில் வெடிமருந்து உண்டு. அதை எடுத்தாயிற்று என்ற சான்றிதழ் இல்லாமல் காக்பிட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. புது பெயிண்டர் பையன் இரும்பு பிரஷ்ஷோடு வந்தான், பிடுங்கி வைத்தேன். இரும்புத் தூள் தகட்டில் பதிந்தால் அதுவே நாளைக்குத் துரு. அதுவுமில்லாமல் இந்தத் தகட்டின் மேலே சுத்த அலுமினியம் மெல்லிசாகப் படிந்திருக்கும். அதுதான் அதன் தோல். வேகமாகத் தேய்த்தால் தோல் போய்விடும். அடியில் இருக்கிற பழைய பிரைமரில் குரோமியம் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. அதனால் முகமூடி போட்டு, தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் மெதுவாக...

அப்படித் தேய்க்கும்போதுதான் வாலில் அந்த நம்பர் வந்தது.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. எங்களுக்கு அதுதான் அதன் பெயர். (முழு நம்பரை எழுதினால் காலேஜைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்!) நாங்கள் 2014-ல் எழுதியதில் கடைசி இலக்கம் 6. சாம்பல் பெயிண்ட் போய் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது 5.

ஞாபகம் வந்துவிட்டது. “சார், கூட்டுத்தொகை எட்டு வருதே! சனி சார். கடைசி அஞ்சை ஆறாக்கினா ஒன்பது. ஒரு வளைவுதானே?” என்று அன்றைக்குக் கரஸ்பாண்டென்ட் சொன்னார். பெயிண்டர் தம்பி ஒரே இழுப்பில் வளைத்துவிட்டான். செக் அன்றைக்கு வரவேண்டியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

டீ குடிக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். வாட்ச்மேன் சிரிக்கவில்லை.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் வந்தாரு சார். கார்ல போயிட்டிருந்தவரு ப்ளேனைப் பார்த்து இறங்கிட்டாரு. அந்தக் காலத்துல ஓட்டினவராம். வால் நம்பரையே பார்த்துக்கிட்டு நின்னாரு. ‘இது எப்படிப்பா இங்கே நிக்கும்? இது விழுந்து எரிஞ்சு போச்சே... என் ஃபிரெண்டு அதுலதானே போனான்’னாரு. அப்புறம் அந்தச் சக்கரத்துக்கிட்ட உட்கார்ந்துட்டாரு. நான்தான் தண்ணி கொடுத்தேன்.”

டீ எனக்கு இறங்கவில்லை. எத்தனையோ மிக்-21கள் விழுந்து எத்தனையோ பையன்கள் போனது ஊருக்கே தெரியும். அதில் ஒன்றின் பெயரை, எட்டு ராசியில்லை என்று, உயிரோடிருந்த ஒன்றின் மேல் எழுதி வைத்திருக்கிறேன்.

விழாவுக்குத் தார்ப்பாயை எடுத்துவிட்டு, பாதி பச்சைப் பிரைமரோடுதான் விமானம் நின்றது. வந்த பெரிய மனுஷர், “இதுதான் கமாண்டோ கலரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

தை பிறந்து வெயில் வந்ததும் எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் கார்களுக்கு அடிக்கிற ரகம் பெயிண்ட் இரண்டு கோட். வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகிவிட்டுத்தான் அடித்தோம், அப்புறம் பிடுங்கினோம். மூக்குக்கு வலை. டயர் மேல் பாரம் இல்லாமல் முட்டு. கீழே சங்கிலி, ஏனென்றால் ரிட்டயரான விஷயம் இறக்கைக்குத் தெரியாது, புயல் அடித்தால் தூக்கத்தான் பார்க்கும். வட்டச் சின்னம் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. பையன் நடுவில் அசோகச் சக்கரம் போடத் துடித்தான், விடவில்லை.

நம்பர் எழுதும்போது கரஸ்பாண்டென்ட் வந்து நின்றார். கடைசியில் 5 என்று நான் எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, ஒரு பூசணிக்காயாவது உடைச்சிடுவோம் சார்” என்றார். உடைத்தோம்.

வாட்ச்மேனின் விசிட்டர் நோட்டில் அந்தப் பெரியவரின் போன் நம்பர் இருந்தது. இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்து, மூன்றாம் நாள் போட்டேன். நான் யார், என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அஞ்சா?” என்றார். ரொம்ப நேரம் சத்தமில்லை. “அதையும் ஓட்டியிருக்கேன். லேண்டிங்ல வலது பக்கம் கொஞ்சம் இழுக்கும். தொட்டுப் பார்க்க விடுவீங்களா?”

“தாராளமா வாங்க சார். மத்தியானம் மட்டும் வேணாம், தகடு சுடும்” என்றேன்.