ஓசி சுரங்கத்துக்குள்ளே யாரு பாஸ்?

பேரணாம்பட்டில் தோல் பார்த்து வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மேல்பக்கம் எவ்வளவு பளபளவென்று மின்னினாலும் மயங்கமாட்டார்கள். சட்டென்று புரட்டிப் போட்டு சதைப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு அந்தப் பக்கத்தில்தான் காட்டிக் கொடுக்கும்.

அதே ஊர்ப் பிள்ளையான நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காலேஜ் வைஃபையில் ஏதோ ஒரு சைட் ஓப்பன் ஆகவில்லை. உடனே 'ஃப்ரீ வி.பி.என்.' என்று தேடி, முதலில் வந்து விழுவதை டவுன்லோடு பண்ணி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்! புரட்டிப் பார்த்தீங்களா? ம்ஹூம்.

புரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., பலாடின் வி.பி.என்., ஷீல்டு வி.பி.என்., ஷைன் வி.பி.என்., ப்ராக்ஸிகேட். இதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஓசியில் கிடைத்த சாஃப்ட்வேர்கள். சிலது தனியாக வந்தது, சிலது 'கிராக்' பண்ணிய சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. போட்டவர்களுக்கு வி.பி.என். கிடைத்தது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. அவர்களுடைய இன்டர்நெட் முகவரியை '911 எஸ்5' என்ற கும்பல் மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. 2014-ல் தொடங்கி 2022 வரை, ஏறத்தாழ 200 நாடுகளில், 1 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகமான முகவரிகள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை இதை முடக்கி, நடத்தியவரைக் கைது செய்ததாக அறிவித்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. கொரோனா நிவாரணப் பணத்தைச் சுருட்டியதில் மட்டும் கிட்டத்தட்ட 590 கோடி டாலர் நஷ்டம் என்றது அந்த அறிவிப்பு.

இதில் உங்களுக்கு என்ன வந்தது என்கிறீர்களா? எவனோ ஒருத்தன் உங்கள் வீட்டு முகவரியில் புகுந்து திருடினால், விசாரிக்கிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது அந்த முகவரி. கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறது? அப்பா பேரில். டேனரியில் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்த மனுஷன், 'இது என்னப்பா புது வில்லங்கம்?' என்று உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார். அதனால் இதைப் படித்து முடித்ததும், மேலே சொன்ன பெயர்களில் ஏதாவது உங்கள் கம்ப்யூட்டரில் தூங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, இந்த வி.பி.என். உண்மையில் என்னதான் செய்கிறது? நம்ம ஊர் உதாரணமே போதும். பேரணாம்பட்டு டேனரிகளின் கழிவுநீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதில்லையா? குழாய் மூடியிருப்பதால் வழியில் போகிறவருக்கு உள்ளே ஓடுவது தெரியாது. ஆனால் மறுமுனையில் இருக்கிற நிலையத்துக்கு எந்தக் குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரியும். வி.பி.என்.னும் இதே கதைதான். நீங்கள் எந்த சைட்டுக்குப் போகிறீர்கள் என்பது காலேஜ் வைஃபைக்கோ, இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவருக்கோ தெரியாது. வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும். அதாவது ரகசியம் மறைவதில்லை, கை மாறுகிறது. (நிலையம் இருந்தால் மட்டும் போதாது, அது ஒழுங்காக ஓட வேண்டும் என்பதை வேலூர் தோல் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்க் கற்றுக்கொண்ட மாவட்டம் நம்முடையது!)

உங்களுக்கு இது நிஜமாகவே தேவையா என்பது அடுத்த கேள்வி. நெட் பேங்கிங்குக்குப் பயந்து வாங்குவதாக இருந்தால், பேங்க் சைட்டில் ஏற்கெனவே பூட்டு இருக்கிறது. அட்ரஸ் பட்டியில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று ஆரம்பித்தால் கடவுச்சொல்லை வழியில் யாரும் படிக்க முடியாது. வைரஸ் வராமல் இருக்கவா? அது வி.பி.என்.னின் வேலையே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கவா? முதலில் லைப்ரரியில் 'என்-லிஸ்ட்' பற்றிக் கேளுங்கள். இன்ஃப்ளிப்நெட் நடத்தும் திட்டம் அது. உங்கள் காலேஜ் அதில் சேர்ந்திருந்தால் தனி லாகின் வாங்கி வீட்டிலிருந்தே ஜர்னல் படிக்கலாம், சல்லிக்காசு செலவில்லை. ரயில்வே ஸ்டேஷன், ஹாஸ்டல், லாட்ஜ் மாதிரி ஊரான் வைஃபையில் அடிக்கடி உட்காருகிறீர்கள், எந்தெந்த சைட்டுக்குப் போகிறீர்கள் என்று மற்றவர் நோட்டம் விடுவது பிடிக்கவில்லை என்றால், அப்போது வாங்கலாம்.

இது சட்டப்படி தப்பா? நம்ம பக்கத்தில் வி.பி.என். வைத்திருப்பது குற்றமில்லை. ஜம்மு காஷ்மீரில்தான் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆனால் குற்றம் செய்துவிட்டு இதற்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று மனப்பால் குடிக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 28-ம் தேதி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. வி.பி.என். விற்கும் கம்பெனிகள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, போன் நம்பர், இ-மெயில், கொடுத்த ஐ.பி. முகவரி, எதற்காக வாங்கினார் என்கிற காரணம் வரை எல்லாவற்றையும், அவர் விலகிய பிறகும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆபீஸ்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.னுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது.

'எங்களால் ஆகாது' என்று எக்ஸ்பிரஸ் வி.பி.என். 2022 ஜூனில் இந்தியாவிலிருந்த தன் சர்வர்களைத் தூக்கிவிட்டது. சர்ஃப்ஷார்க், நார்டு ஆகியவையும் அதே வழியில் போயின. செப்டம்பரில் ப்ரோட்டானும் கிளம்பியது. ஆனால் அவர்களிடம் இங்கிருந்து சந்தா கட்டலாம், பயன்படுத்தலாம். இந்திய முகவரிதான் வேண்டும் என்றால் வெளிநாட்டு சர்வரிலிருந்தே கொடுக்கிற ஏற்பாடும் உண்டு. வேகம்தான் முக்கியம் என்றால் சிங்கப்பூரைப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகக் கடலடி கேபிள் போகிறது. அமெரிக்காவைப் போட்டுவிட்டு 'நெட் ஆமை மாதிரி நகருது' என்று புலம்பாதீர்கள்.

இப்போது புரட்டிப் பார்க்கிற வேலை. முதலில், முதலாளி யார்? நெட்டில் 'டாப் 10 வி.பி.என்.' என்று ஒரு பட்டியல் வரும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேப் டெக்னாலஜிஸ் என்ற கம்பெனி சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்ஸஸ், எக்ஸ்பிரஸ் வி.பி.என். என்று வரிசையாக வாங்கியது. 2021-ல் வி.பி.என்.களுக்கு மார்க் போடும் வி.பி.என்.மென்டார் என்ற விமர்சன சைட்டை நடத்தும் கம்பெனியையும் வாங்கிப் போட்டது. மாப்பிள்ளை வீட்டாரே தரகர் கமிஷனையும் எடுத்துக்கொண்ட மாதிரி! அவர்கள் சரக்கு மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. மார்க் போடுவது யார் என்று தெரிந்துகொண்டு படியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்கிற டயலாக். விளம்பரத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். போலீஸ் வாசலில் வந்து நிற்கும்போதுதான் சாயம் வெளுக்கும். 2011-ல் ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, கோர்ட் உத்தரவு வந்ததும் ஒரு ஹேக்கர் பற்றிய பதிவுகளைக் கொடுத்துவிட்டது. 2017-ல் ப்யூர் வி.பி.என். தந்த விவரம் எஃப்.பி.ஐ.க்கு ஒரு ஆளைப் பிடிக்க உதவியது. ரெண்டு வழக்கிலும் மாட்டியவர்களுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. 'பதிவே இல்லை' என்ற பேச்சின் லட்சணம் அங்கே தெரிந்துபோனது என்பதுதான் விஷயம். மாறாக, 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் முல்வாட் அலுவலகத்துக்கு சோதனை வாரண்டோடு போய், எடுக்க ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. இந்த முல்வாட் பெயர்கூடக் கேட்பதில்லை, ஒரு நம்பர் மட்டும் கொடுக்கும். விலை மாதம் 5 யூரோ. வருஷக் கணக்கில் கட்டினாலும் அதே ரேட்தான், தள்ளுபடி கிடையாது.

பாக்கெட்டில் அவ்வளவு இல்லையா? ஓசியே கூடாது என்று சொல்லமாட்டேன். அந்த ஓசிக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று பாருங்கள். ப்ரோட்டானின் இலவசத் திட்டத்துக்குக் காசு கட்டும் சந்தாதாரர்கள்தான் படியளக்கிறார்கள். ஹோலாவின் இலவசத்துக்கு, பயன்படுத்தியவர்களின் இணைப்பையே விற்றார்கள். அது 2015-ல் சந்தி சிரித்தது. ஃபேஸ்புக்கின் ஒனாவோ, போனில் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று வேவு பார்த்தது. 2018-ல் ஆப்பிள் கண்ணை உருட்டியதும் ஐபோன் கடையிலிருந்து காணாமல் போனது.

கடைசியாக செட்டிங்ஸ். 'வயர்கார்டு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் 'ஓப்பன்வி.பி.என்.'. 'பி.பி.டி.பி.' என்று இருந்தால் தொடாதீர்கள், அது ஓட்டை விழுந்த பழைய பூட்டு. 'கில் ஸ்விட்ச்' என்று ஒன்று இருக்கும். சுரங்கம் நடுவில் அறுந்தால் நெட்டையே நிறுத்திவிடும். அதை ஆன் பண்ணி வையுங்கள். வருஷச் சந்தா கட்டும் முன் ரெண்டாவது வருஷம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் வருஷம் பாதி விலை என்று காட்டிவிட்டு, அடுத்த வருஷம் கார்டிலிருந்து முழுசாக உருவிவிடுவார்கள். 30 நாளுக்குள் பணம் வாபஸ் என்று போட்டிருந்தால், 25-ம் நாளுக்கு போனில் அலாரம் வையுங்கள். அதற்குள் ராத்திரி பத்து மணிக்கு, ஊரே நெட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.