வாகைக்குளத்தில் அரைமணி நேரம்

பாஸ் கழுத்தில் விழுந்தது! மேலே ஒரு பளீர் மஞ்சள் ஜாக்கெட்டையும் மாட்டிவிட்டார்கள். வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் பயணிகளுக்குத் திறக்காத கதவு இதோ திறக்கிறது. வாங்க, நீங்களும் கூடவே வாங்க! செல்போனை மட்டும் பைக்குள் போட்டுவிடுங்கள்.

முன்பக்கத்தில் 2025 ஜூலையில் பிரதமர் திறந்துவைத்த புது முனையம். ஒரு டிக்கெட் எடுத்தால் அதைப் பார்த்துவிடலாம். நமக்குப் பின்பக்கம்தான் விருந்து.

பெல்ட்டில் நாம் விடுகிற பெட்டி ரப்பர் திரைக்குப் பின்னால் போய் மறையுமே, அங்கேதான் நிற்கிறோம். அனல். ஒரு மூலையில் சக்கரம் கழன்ற டிராலி, ஆணியில் மழைக்கோட்டுகள், ஜன்னல் திட்டில் வரிசையாகச் சாப்பாட்டுத் தூக்குகள். மூக்கில் ஏறுகிறதா? நெய்! திருநெல்வேலிக்காரர்களுக்கும் இதுதானே விமான நிலையம், அல்வா இல்லாமல் யார் சென்னைக்குக் கிளம்புவார்கள்?

லோடர் தம்பி ஒருவர் சணல் கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார். "மக்ரூன் அண்ணாச்சி. இதுக்கு மேல ஒண்ணும் வைக்கப்பிடாது." முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட அந்தக் குட்டிக் கூம்புகள் விரல் அழுந்தினாலே பொடியாகும். பெட்டியில் எச்சரிக்கை எதுவும் ஒட்டியில்லை. கடைப் பெயரைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எல்லாப் பெட்டிகளும் வண்டியில் ஏறும்வரை அதைத் தனியே வைத்திருந்து, கடைசியில் உச்சியில் வைத்தார். எனக்குக் கை தட்டவே தோன்றியது.

சோதனை மேஜையில் வடநாட்டுப் பாதுகாப்பு வீரர் ஒருவர். திருச்செந்தூர் போய்வந்த பெரியவரின் பையைத் திறந்தவர், பன்னீர் இலை விபூதியைப் பார்த்ததும் பத்திரமாகத் திருப்பி வைத்தார். அடுத்து வந்தது கொப்பரைத் தேங்காய். அதன் எண்ணெய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் தடை. "கொப்பரை வேண்டாம் ஐயா." அந்த 'ழ' கலக்காத மூன்று வார்த்தைத் தமிழுக்குப் பெரியவர் சிரித்துவிட்டார், கொப்பரையைக் கூட மறந்து.

இப்போது ஜீப். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டருக்கு நீண்டிருக்கிறது. அதன்மேல் கண்ணை நட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர் சட்டென நிறுத்தி, இறங்கி, எதையோ பொறுக்கினார். சுண்டுவிரல் நக அளவு கல்! இன்ஜினுக்குள் போனால் இதுவே வினை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பைக்குள் ஏற்கெனவே இரண்டு கிடந்தன.

திடீரென்று வாக்கி-டாக்கி கரகரத்தது. மாப்பிள்ளை கார் தெருமுனைக்கு வந்துவிட்ட கல்யாண வீடு மாதிரி எல்லோரும் ஓடுகிறார்கள்! வந்தது ஏ.டி.ஆர்., இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்று. ஒருவர் வால்பக்கம் போய் ஒரு முட்டுக்கோலை ஊன்றினார். இந்த விமானத்துக்குப் பயணிகள் வாசல் பின்னால். பாரம் அங்கே கூடினால் மூக்கு மேலே தூக்கிவிடுமாம். இத்தனை தடவை ஏறியிருக்கிறேன், அந்தக் கோலை இன்றுதான் பார்க்கிறேன்.

பின்வாசலில் ஆட்கள் இறங்க, முன்வாசலில் பெட்டிகள் இறங்க, துடைப்பமும் குப்பைப் பையுமாக மூன்று அக்காக்கள் உள்ளே பாய்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் வியர்வையோடு வெளியே வந்தபோது ஒருவர் கையில் ஒற்றைக் குழந்தைச் செருப்பு. "பிள்ளை ஒத்தைக் காலோட போயிருமே!" என்று முனையத்தை நோக்கி ஓடினார். பெல்ட் அருகே தாயைப் பிடித்துவிட்டாராம்.

பெட்டிகள் ஏறின, மக்ரூன் கடைசியாக. முட்டுக்கோல் வந்தது, கட்டைகள் வந்தன. தரையில் நின்ற பொறியாளர் கட்டைவிரலை உயர்த்த, விமானி கண்ணாடிக்குள்ளிருந்து பதிலுக்கு உயர்த்தினார். விசிறிக் காற்று சட்டையைப் பிய்த்தது.

விமானம் புள்ளியானதும் லோடர் தம்பி ஜன்னல் திட்டுக்குப் போய்த் தன் தூக்கைத் திறந்தார். புளிச்சோறு. "அடுத்தது வர்றதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று மூடியில் எனக்கும் எடுத்து வைத்தார்.