குடல் பரிசோதனை ரிப்போர்ட் சொல்வது என்ன?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழர்கள் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போவதுண்டு. அங்கே டாக்டர் விளக்குவது மலையாளத்தில். ரிப்போர்ட் இருப்பது ஆங்கிலத்தில். வீட்டில் காத்திருப்பவர்கள் கேட்பது தமிழில். ஓயாத வயிற்றுப்போக்கு, இரும்பு மாத்திரைக்கும் மசியாத ரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவற்றுக்காக எண்டாஸ்கோபி செய்து கொண்டவரின் ரிப்போர்ட்டில் ‘சீலியாக் நோயாக இருக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தால், குடும்பமே கலங்கி விடும்.

சீலியாக் தொற்றுநோய் அல்ல, புற்றுநோயும் அல்ல. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. பரம்பரையாக அதற்கு ஏற்ற உடல்வாகு உள்ளவர்களில் சிலருக்கு, அதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும்.

சிறுகுடலின் உட்புறம் நாற்றங்கால் போன்றது. நெருக்கமாக நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள்தான் உணவின் சத்தை இழுக்கின்றன. இந்நோயில் அவை தேய்ந்து மொட்டையாகின்றன. குழாய் வழியே பார்க்கும் டாக்டருக்குக் குடல் மடிப்புகள் குறைந்தோ, மடிப்பின் ஓரம் சிப்பி விளிம்புபோல் நெளிந்தோ தெரியலாம். சிலருக்குப் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவேதான் ஐந்தாறு இடங்களில் சிறு துணுக்குகள் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

அந்த முடிவை ‘மார்ஷ்’ எண்ணால் குறிப்பிடுவர். 1 என்றால் வெள்ளணுக்கள் மட்டும் கூடியுள்ளன. 3 என்றால் உறிஞ்சிகள் தேய்ந்துள்ளன. புற்றுநோயில் சொல்லும் ‘மூன்றாம் கட்டம்’ வேறு, இது வேறு.

உறிஞ்சி தேய்ந்தாலே சீலியாக் என்றும் முடிவு கட்டக்கூடாது. 1960-களின் தொடக்கத்தில் வடஆற்காடு கிராமங்களில் ‘டிராப்பிகல் ஸ்ப்ரூ’ என்ற குடல்நோய் பரவியது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் பேக்கரும் மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். அதிலும் உறிஞ்சிகள் தேயும். ஆனால் கோதுமையை நிறுத்துவதால் தீராது. போலிக் ஆசிட், டெட்ராசைக்ளின் மருந்துகளே அதற்குச் சிகிச்சை. ஜியார்டியா கிருமியாலும், சில மாத்திரைகளாலும் குடல் இப்படி ஆகலாம்.

இந்தியாவில் 23,331 பேரைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சீலியாக்குக்கான ரத்த அடையாளம் வடக்கே ஆயிரத்தில் 12 பேருக்கும் தெற்கே ஒருவருக்குமே காணப்பட்டது. வடக்கே ஒருவர் தினசரி சாப்பிட்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். தெற்கே நோய் அபூர்வம். ஆனால் இல்லாமல் இல்லை.

எனவே ‘டிடிஜி’ ரத்தப் பரிசோதனையும் அவசியம். ரிப்போர்ட்டைக் கண்டு பயந்து, பரிசோதனைகள் முடியுமுன் சப்பாத்தி, புரோட்டாவை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அடையாளம் குறையும்; குடலும் தேறத் தொடங்கும்; உண்மை மறைந்துவிடும்.

நோய் உறுதியானால் ஆயுள் முழுவதும் பத்தியம். அதற்கு இந்தப் பக்கத்துச் சாப்பாடு தோதானது. அரிசிக் கஞ்சி, பயறு, மரச்சீனி, மீன், நேந்திரம்பழம் எதற்கும் தடையில்லை. மைதா, ரவை, கோதுமைச் சேமியா, மால்ட் பானம் கூடாது. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. டப்பாவைப் படித்து வாங்க வேண்டும்.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்கத் தயங்க வேண்டாம்: எத்தனை துணுக்குகள் எடுத்தார்கள்? மார்ஷ் எண் என்ன? டிடிஜி எவ்வளவு? மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே வியாதியின் பெயரை முடிவு செய்ய வேண்டும்.