பழைய காரும் மறைத்த ஈரமும்

பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் சென்று, பழைய காரைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் புதிய கார் வாங்குவோர், அதில் இரு வியாபாரங்கள் அடங்கியிருப்பதை உணர வேண்டும். உதாரணமாக, பழையதற்கு 20,000 ரூபாய் கூட்டித் தந்து, புதியதற்குரிய 30,000 ரூபாய்த் தள்ளுபடியை நிறுத்திக்கொண்டால் நமக்கு நட்டம் 10,000. ஆகவே இரு விலைகளையும் தனித்தனியே கேட்டறியுங்கள்.

இலாபம் வைப்பது ஹலால், ஏமாற்றுவது ஹராம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணுமாறு அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. விபத்தில் அடிபட்டதை மறைப்பதும், மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைப்பதும் அத்தகைய ஈரமே. பழைய காரைக் கொடுக்கும் நாமும் அங்கே விற்பவர்களே. குறையைச் சொல்லியே கொடுக்க வேண்டும். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்துவோரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.