உண்பது ஒன்று, உரைப்பது வேறு: உணவு ஆய்வுகள் கூறும் கணக்கு சரியானதா?

"நேற்றுக் காலை முதல் இரவு வரை நீங்கள் எதனை, எவ்வளவு உட்கொண்டீர்கள்?" போஷாக்கு ஆய்வுகளில் பொதுமக்களிடம் கேட்கப்படும் அடிப்படைக் கேள்வி இதுவாகும். நீரிழிவுத் தடுப்பு நடவடிக்கைகள் முதல் வறுமைக் கோட்டை வரையறுப்பது வரை அரசாங்கங்கள் எடுக்கும் பல முடிவுகள், இத்தகைய கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களிலேயே தங்கியுள்ளன. ஆனால், அப்பதில்களுக்கும் உண்மைக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகால ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. இந்த இடைவெளி ஏன் ஏற்படுகின்றது, அதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பதை நாம் நோக்குவது அவசியமாகும்.

ஒருவர் எவ்வளவு உண்டார் என்பதை அவரது வாய்மொழியை நம்பியிராது அறிவதற்கு நீண்டகாலமாக இலகுவான வழி இருக்கவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சனும் அவரது சகாக்களும் 1950களில் சிறு விலங்குகளுக்கென உருவாக்கிய முறையே இதற்கு வழிகோலியது. இம்முறையில், வழமையானவற்றிலும் பாரம் கூடிய ஐதரசன், ஒட்சிசன் அணுக்களைக் கொண்ட நீர் அருந்தக் கொடுக்கப்படுகின்றது. ஐதரசன் உடலிலிருந்து நீராக வெளியேறும். ஒட்சிசனோ நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். ஓரிரு வாரங்கள் சிறுநீரைப் பரிசோதித்து இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கணித்தால், உடல் செலவிட்ட சக்தியின் அளவு தெரியவரும். உடல் நிறை மாறாதிருக்கும் ஒருவர், தாம் செலவிட்ட சக்திக்கு ஏறத்தாழச் சமமான உணவையே உண்டிருக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு இம்முறை மனிதர்களிடத்தில் பயன்படுத்தப்பட்டதன் பின்னரே, மக்கள் கூறும் கணக்கைச் சரிபார்க்கும் அளவுகோல் ஒன்று கிடைத்தது.

அந்த அளவுகோல் வெளிப்படுத்திய உண்மைகள் ஆய்வாளர்களையே திகைக்க வைத்தன. 1986ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், மெலிந்த பெண்கள் எழுதிக் கொடுத்த உணவுக் குறிப்புகள் பெருமளவு சரியாக இருந்தன. உடல் பருத்த பெண்களின் குறிப்புகளிலோ அவர்கள் செலவிட்ட சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு காணப்படவில்லை. எவ்வளவு குறைவாக உண்டாலும் உடல் மெலியவில்லை என முறையிட்ட பத்துப் பேரை நியூயோர்க் ஆய்வாளர்கள் பரிசோதித்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களது உடல் சக்தியைச் செலவிடும் விதத்தில் எவ்விதக் குறைபாடும் இருக்கவில்லை. மாறாக, அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் கூறியிருந்தனர்.

இது பருத்த உடல்வாகு கொண்டோருக்கு மாத்திரம் உரியதன்று. 2003ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 484 பேர் பங்குபற்றினர். முந்திய நாள் உணவை நினைவுகூர்ந்து கூறுமாறு கேட்டபோது ஆண்கள் 12 முதல் 14 சதவீதமும், பெண்கள் 16 முதல் 20 சதவீதமும் சக்தியைக் குறைத்துக் கூறினர். நீண்டகால உணவுப் பழக்கத்தை வினாக்கொத்து மூலம் கேட்டபோது இருபாலாரிடத்தும் அக்குறைவு 30 சதவீதத்தைத் தாண்டியது.

அவ்வாறாயின் மக்கள் பொய் கூறுகின்றார்களா? அவ்வாறு முடிவு செய்வது அவசரமானதாகும். முதற் காரணம் நினைவாற்றலின் இயல்பாகும். மதிய உணவு நினைவில் நிற்கும். மாலைத் தேநீருடன் உண்ட வடையும், தேநீரில் கரைந்த இரண்டு கரண்டிச் சீனியும், சமைக்கும்போது உப்புப் பார்த்த ஒரு கரண்டிக் கறியும் நிற்பதில்லை. இரண்டாவது, அளவை மதிப்பிடுவதிலுள்ள சிரமமாகும். ஒரு கோப்பைச் சோறு எத்தனை கிராம் என்பதையோ, கறியில் எவ்வளவு தேங்காய்ப்பாலும் எண்ணெயும் சேர்ந்தன என்பதையோ உண்பவர் அறியார். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பலர் கூடி உண்ணும் விருந்தில், தமது பங்கு எவ்வளவு என எவராலும் கூற இயலாது. நோன்பு காலத்தில் உணவு வேளைகள் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாறிவிடுவதால், ஒருநாளைய உணவு எங்கு தொடங்கி எங்கு முடிகின்றது என்பதே குழப்பத்திற்குரியதாகின்றது.

மூன்றாவது காரணம் சமூகம் சார்ந்தது. கேட்பவர் முன்னிலையில் நல்லவராகத் தோன்ற வேண்டும் என்ற விருப்பம் எல்லோரிடமும் உண்டு. எனவே மரக்கறியும் பழமும் பதிலில் கூடிவிடுகின்றன. இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் குறைந்துவிடுகின்றன. வைத்தியரோ தாதியோ கேட்கும்போது இப்போக்கு மேலும் வலுப்பெறும். உண்பதை எழுதிவைக்குமாறு பணிக்கப்பட்டவர், எழுதும் நாட்களில் உண்மையிலேயே குறைவாக உண்பதும் உண்டு. அவரது குறிப்பு உண்மையானதே. ஆயினும் அது அவரது வழமையான உணவன்று.

இப்பிழைகளின் விளைவு பாரதூரமானது. பிரித்தானியாவில் பல தசாப்தங்களாக மக்கள் உட்கொள்ளும் கலோரியின் அளவு குறைந்து வருவதாக உத்தியோகபூர்வ ஆய்வுகள் காட்டின. அதே காலத்தில் மக்களின் உடல் நிறையோ கூடிச் சென்றது. உணவு காரணமல்ல, உழைப்புக் குறைந்தமையே காரணம் என வாதிட இது இடமளித்தது. ஆனால், உணவைக் குறைத்துக் கூறும் போக்கு அதிகரித்தமையே இம்முரண்பாட்டுக்கு முக்கிய காரணம் என 2016இல் வெளியான பகுப்பாய்வொன்று சுட்டிக்காட்டியது. அமெரிக்கத் தேசிய ஆய்வின் 1971 முதல் 2010 வரையான தரவுகளைப் பரிசீலித்த மற்றொரு குழு, பெண்களில் 67 சதவீதமானோரும் ஆண்களில் 59 சதவீதமானோரும் கூறிய அளவுகள் உடலியல் ரீதியாக நம்பத்தக்கவையல்ல என 2013இல் அறிவித்தது.

எமது நாட்டைப் பொறுத்தவரை இவ்விடயம் வறுமையுடன் பிணைந்துள்ளது. 2002ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு வகுக்கப்பட்ட உத்தியோகபூர்வ வறுமைக் கோடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கிலோகலோரி என்ற தேவையை அடிப்படையாகக் கொண்டு, தலைக்கு மாதம் 1,423 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது 2012/13 தரவுகளைக் கொண்டு திருத்தப்பட்டது. இத்தகைய கணக்குகளுக்கு ஆதாரமாக அமைவது, குடும்பங்கள் தமது உணவையும் செலவையும் பற்றிக் கூறும் விபரங்களேயாகும்.

செல்வந்த நாடுகளில் குறைத்துக் கூறுவதே பிரச்சினை. வறுமை நிலவும் இடத்தில் பிழை இரு திசைகளிலும் நேரலாம். நிவாரணப் பட்டியலுக்கான விசாரணை எனக் கருதுபவர் உணவைக் குறைத்துக் கூறத் தூண்டப்படலாம். தமது வறுமையை அந்நியர் முன் ஒப்புக்கொள்ள விரும்பாத மானமுள்ள குடும்பமோ, "மூன்று வேளையும் சாப்பிட்டோம்" என்றே கூறும். அத்துடன் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு கேட்கும்போது, எல்லோருக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்ணும் தாயின் பசி கணக்கில் வருவதேயில்லை. கூறப்படாத பசிக்கு எந்தத் திட்டமும் தீட்டப்படுவதில்லை என்பதே இங்கு நாம் கவலையுடன் நோக்க வேண்டிய விடயமாகும்.

இதனால் உணவு ஆய்வுகளை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்பது எமது கருத்தன்று. மக்கள் எவ்வகை உணவுகளை உண்கின்றனர் என்பதை அறிய அவை இன்றும் பயனுள்ளவை. மொத்தக் கலோரியைக் கணிக்கும்போதே அவதானம் தேவை. அமெரிக்க விவசாயத் திணைக்களம், மறந்துபோன உணவுகளைத் தனியே நினைவூட்டும் ஐந்து படிகள் கொண்ட விசாரணை முறையைப் பின்பற்றுகின்றது. வீட்டிலுள்ள கோப்பையையும் அகப்பையையும் கொண்டே அளவைக் கேட்டல், ஒரு நாளுடன் நில்லாது வெவ்வேறு நாட்களில் கேட்டல், பெண்களிடம் தனியாக உரையாடுதல், ஒரு சிறு பகுதியினரிடமாவது சிறுநீர்ப் பரிசோதனை மூலம் பதில்களைச் சரிபார்த்தல் என்பன எமது சூழலுக்கும் பொருத்தமானவையே. அனைத்திற்கும் மேலாக, பதிலின் காரணமாக நிவாரணம் கூடவோ குறையவோ மாட்டாது என்ற உறுதிமொழியை மக்களுக்கு வழங்குவதும், அதனைக் காப்பதும் அவசியம்.

சிகிச்சை நிலையங்களுக்கும் இது பொருந்தும். "நான் அதிகம் உண்பதில்லை" எனக் கூறும் நோயாளியைப் பொய்யர் எனக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் இன்னும் குறைவாகவே கூறுவார். எந்த வேளையில், எவருடன், எத்தகைய பாத்திரத்தில் உண்டார் எனப் பொறுமையாக விசாரித்தால், விடுபட்டவை பலவும் வெளிவரக்கூடும். ஆய்வை நடத்தும் அதிகாரிகளும் அதன் முடிவுகளைக் கொண்டு திட்டம் வகுப்போரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.