மலைக்கோட்டைச் சிறுவனும் ஜெர்சி சிட்டிச் சிறுமியும்

மனித வரம்பை மீறிய ஆற்றல் கைவரப்பெற்றவரின் சாகசங்களைச் சொல்லும் சூப்பர் ஹீரோ தொடர்களில், அந்த ஆற்றல் யாருக்கு, எந்தச் சூழலில் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லும் பொறுப்பு முதல் பகுதிக்கு உரியது. 'தோற்றக் கதை' என்று வழங்கப்படும் இது, நாயகர் பதின்பருவத்தினராக இருக்கும்போது கூடுதல் சிக்கலைச் சந்திக்கிறது. ஊரைக் காக்க வேண்டியவரே இரவில் வெளியே போக வீட்டில் அனுமதி கேட்க வேண்டியவராகவும் இருக்கிறார். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் பள்ளி மாணவனாக அறிமுகமானபோதே இந்தச் சிக்கல் கதைப்பொருளாகிவிட்டது.

2022 ஜூன் 8 அன்று வெளியான 'மிஸ் மார்வெல்' தொடரின் முதல் பகுதி இதைத் தெற்காசியக் குடும்பம் ஒன்றின் கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்தின் 16 வயது மகள் கமலா கான், கேப்டன் மார்வெல் என்ற சூப்பர் ஹீரோவின் தீவிர ரசிகை. ஓட்டுநர் தேர்வில் காரைப் பின்னால் எடுத்துத் தேர்வாளரின் வண்டியிலேயே மோதுபவள். ரசிகர்கள் வேடமிட்டுக் கூடும் 'அவெஞ்சர்கான்' விழாவுக்குப் போகக் கூடாது என்று முதலில் மறுக்கும் பெற்றோர், பிறகு இரங்கி, தந்தையும் உடன் வரலாம் என்று முடிவுசெய்து, இருவருக்கும் பச்சை நிறச் சூப்பர் ஹீரோவான 'ஹல்க்'கைப் போலச் சல்வார் தைத்து வைக்கிறார்கள். அந்த உடையைப் பார்த்த மகள் கூச்சத்தில் சொல்லிவிடும் சொல்லும், சாயம் பூசிய முகத்தோடு நிற்கும் தந்தையின் வாட்டமும், பின்னர் வரும் எந்தச் சண்டைக் காட்சியையும்விட ஆழமாகப் பதிகின்றன. தொடருக்கு மூலமான காமிக்ஸில் மர்மப் பனிமூட்டம் ஒன்றால் வந்த ஆற்றலைத் தொடர், கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பழைய வளையல் வழியாக வரவழைக்கிறது; ஆற்றலைப் பரம்பரைச் சொத்தாக்கிய இந்த மாற்றம் சரியானதே. அது வெளிப்படுவதோ பகுதியின் இறுதியை நெருங்கும்போதுதான். பின்வரும் பகுதிகளில் வேற்றுலகமும் அதன் பகைவர்களும் பெருகப் பெருக இந்தக் குடும்ப நெருக்கம் குறைந்துபோனதைக் குறையாகவே சொல்ல வேண்டும்.

ஆற்றலைக் கடைசி வரை மறைத்துவைக்கும் இந்த உத்தி திருச்சிராப்பள்ளிக்குப் புதிதன்று. அயோத்தியில் இராமனிடம் பெற்ற ரங்கநாதர் விமானத்தோடு இலங்கைக்குத் திரும்பும் விபீஷணன், காவிரிக் கரையில் நீராடி அனுட்டானம் முடிப்பதற்காக, வழியில் கண்ட சிறுவன் ஒருவனிடம் அதை ஒப்படைத்துச் செல்கிறான். சிறுவன் அதை ஆற்றிடைத் தீவான ஸ்ரீரங்கத்தில் இறக்கி வைத்துவிட, அது அங்கேயே நிலைத்துவிடுகிறது. வெகுண்டு துரத்தும் விபீஷணன் மலைக்கோட்டைக் குன்றின் உச்சியில் அவனைப் பிடித்து நெற்றியில் குட்டும்போதுதான் நிற்பவர் பிள்ளையார் என்று புரிகிறது. (தீவுக்கும் குன்றுக்கும் நடுவே காவிரி ஓடுவதைக் கதை பொருட்படுத்துவதில்லை.) சாதாரணச் சிறுவனின் தோற்றம், துரத்தல், உயரமான இடத்தில் உண்மை வெளிப்படுதல் என இன்றைய திரைக்கதை ஆசிரியர் வேண்டுவதெல்லாம் இந்தத் தலபுராணத்தில் உண்டு. 400க்கும் மேற்பட்ட படிகள் ஏறி உச்சிப் பிள்ளையாரை வணங்குவோருக்கு, நெற்றியிலுள்ள பள்ளம் அந்தக் குட்டின் அடையாளம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஆயினும் வேறுபாடு ஒன்று முக்கியமானது: பிள்ளையார் வளர வேண்டியவர் அல்லர், கமலா வளர வேண்டியவள்; தவறு செய்து, பொய் சொல்லி, தாயிடம் அகப்பட்ட பிறகே அவளுடைய கதை நகர்கிறது.

இத்தகைய தொடர் ஒன்றைத் தமிழில் எழுதத் தேவையான இரு பாதிகளையும் அதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார். 'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' கதைகளில் கீழச் சித்திரை வீதியின் திண்ணைகளும் ரங்கு கடையும் அங்குக் கூடும் பையன்களும் இருக்கிறார்கள். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த 'என் இனிய இயந்திரா'வில் சர்வாதிகார அரசும், அதை எதிர்க்கும் நிலாவுக்குத் துணை நிற்கும் ஜீனோ என்ற இயந்திர நாயும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவரும் பணி இன்றைய தொலைக்காட்சி எழுத்தாளர்களுக்குக் காத்திருக்கிறது. அவர்கள் ஆற்றலின் மூலத்தைத் தேடி விண்வெளிக்குப் போவதற்கு முன், சித்திரை வீதி வீடு ஒன்றையும், மகள் திரும்பும்வரை கதவைத் தாழிடாமல் விழித்திருக்கும் தாயையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.